பீட் புகையும் போலித் தொன்மமும்

வீட்டில் ஸ்காட்டிஷ் ஏல் காய்ச்சக் கற்றுத்தரும் பல செய்முறைகளில் இன்றும் ஒரு பிடி பீட் புகையூட்டிய மால்ட் இடம்பெறுகிறது. ஸ்காட்லாந்து என்றால் விஸ்கி. விஸ்கி என்றால் பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகை. ஆகவே அந்நாட்டின் பியரிலும் புகை இருந்தாக வேண்டும் என்பதே இதன் தர்க்கம். இதை நாங்கள் மறுக்கிறோம். இது நாக்கின் ருசி பற்றிய சச்சரவு அல்ல. ஒரு சமூகத்தின் உழைப்பை எப்படி வாசிக்கிறோம் என்பது பற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் பியர்த் தொழில் மூடுபனி படர்ந்த மலைக்குடிசைகளில் நடக்கவில்லை. எடின்பரோ, அல்லோவா போன்ற தாழ்நில நகரங்களின் பெரிய ஆலைகளில் நடந்தது. சுற்றுவட்டாரத்தில் பார்லி விளைந்தது, நிலக்கரி கிடைத்தது. மால்ட்டைப் பீட்டில் வாட்டவேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. வில்லியம் யங்கர் போன்ற ஆலைகளின் பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இத்தகைய ஏடுகளைப் பல ஆண்டுகள் வரிவரியாக வாசித்த ரான் பாட்டின்சன் கண்டெடுத்தவை வெளிர் மால்ட், சர்க்கரை, மக்காச்சோளம், ஹாப்ஸ் ஆகியவைதாம். புகைக்கு அங்கே இடமில்லை.

அடுத்த புனைவு ஹாப்ஸ் பற்றியது. கசப்பும் மணமும் தரும் அந்தப் பூ ஸ்காட்லாந்தின் குளிரில் விளையாது. எனவே ஸ்காட்டியர்கள் அதைக் கிள்ளித்தான் போட்டார்கள் என்கிறார்கள். இங்கிலாந்திலும்தான் தேயிலை பெரிதாக விளையவில்லை; ஆங்கிலேயர் தேநீரைக் கைவிட்டார்களா என்ன? எடின்பரோவின் பேல் ஏல் இந்தியா வரை கப்பலேறியது. மாதக்கணக்கான கடற்பயணத்தைத் தாங்க ஹாப்ஸை அள்ளித்தான் போடவேண்டியிருந்தது. ஸ்காட்டியர் கஞ்சர்கள் என்ற பழைய கேலியே இங்கு வரலாறாக வேடமிட்டு வருகிறது.

மூன்றாவது, மால்ட் சாற்றில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துப் பாகாகச் சுண்டவைக்கும் வித்தை. ஆலை ஏடுகளில் கொதிக்கும் நேரம் பிற ஊர்களைப் போலத்தான் இருக்கிறது. கருமை தேவைப்பட்டபோது அவர்கள் கேரமல் நிறமியைச் சேர்த்துக்கொண்டார்கள். 60, 70, 80 ஷில்லிங் என்ற பெயர்களிலும் மர்மம் ஏதுமில்லை. அவை ஒரு பீப்பாயின் விலையிலிருந்து பிறந்தவை. விலை மாறிய பின்னும் பெயர் தங்கி, பியரின் வீரியத்தைக் குறிக்கும் படிநிலையாயிற்று. கணக்குப்பிள்ளையின் மொழி அது. மந்திரவாதியின் மொழி அல்ல.

‘என் அண்டா, என் சுவை, வரலாறு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. தாராளமாகப் புகையைச் சேருங்கள். அதைப் புகைப் பியர் என்று அழையுங்கள். போட்டிகளுக்கு வகைமை வகுக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பே 2015ஆம் ஆண்டுப் பதிப்பில், மரபான ஸ்காட்டிஷ் ஏலில் பீட் மால்ட் கிடையாது என்று தெளிவுபடுத்திவிட்டது. ‘பாரம்பரியம்’ என்ற சொல்லை ஒட்டிக்கொள்ள விரும்புகிறவர் அதற்கான சான்றையும் தந்தாக வேண்டும்.

இலக்கிய வாசகருக்கு இது புதிய கதையல்ல. 1760களில் ஜேம்ஸ் மக்ஃபர்ஸன், ஒசியன் என்ற ஆதிகவியின் பாடல்கள் எனப் பதிப்பித்தவற்றில் பெரும்பகுதி அவரே இயற்றியது. ஐரோப்பா அதைக் கொண்டாடியது. அதற்கு வேண்டியிருந்தது மூடுபனி சூழ்ந்த ஒரு ஸ்காட்லாந்து. பீட் மால்ட் அந்த வேட்கையின் திரவ வடிவம். சிறிய தேசங்களிடம் நாம் எப்போதும் தொன்மத்தையே கேட்கிறோம். அவர்களுடைய தொழில்நுட்பத்தையும் வணிகத்தையும் காண மறுக்கிறோம். நாள்தோறும் வெப்பநிலையையும் எடையையும் குறித்துவைத்த ஆலைப் பணியாளர்கள் இதனால் மறைந்துபோகிறார்கள்.

ஆகவே வீட்டில் காய்ச்சுவோரிடம் எங்கள் கோரிக்கை எளிது. நல்ல வெளிர் மால்ட், கொஞ்சம் சர்க்கரை, போதுமான ஹாப்ஸ், நிறத்துக்குச் சிறிது கேரமல், நிதானமான நொதித்தல். ஸ்காட்லாந்து அதில் இருக்கிறது.