ஊர்ப்பேரும் தெருப்பேரும்

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் காலேஜுக்குப் போற நம்ம பசங்களிடம் 'சொந்த ஊர் எது தம்பி?' என்று எவராவது கேட்டால் ஊர்ப்பேரைச் சொல்லுவான். தெருவை முழுங்கிடுவான். அந்த முழுங்கலைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1861) பலருக்குப் பாடமாக வந்திருக்கும். கொல்லுப்பட்டறையில் வளர்ந்த பிப் கனவானாக ஆசைப்படுகிறான். வளர்த்த ஜோவைப் பார்த்தே கூச்சப்படுகிறான். காசு வந்ததும் லண்டனில் அவன் கனவான். இங்கே காசு வந்தால் போதுமா?

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) படியுங்கள் தோழர்களே. படித்த தலித் கிறிஸ்தவ இளைஞன் வேலைக்கு அலைகிறான். 1950 ஜனாதிபதி ஆணை கிறிஸ்தவனைப் பட்டியல் சாதியாக ஏற்காது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. கிறிஸ்தவன் இன்றுவரை வெளியே. கோயிலில் தலித், சர்டிபிகேட்டில் பி.சி.! கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான் சிலுவைராஜ். மதம் மாறினாலும் தெரு மாறலையே.

பிப்பின் கூச்சம் அவன் மனசோடு தீர்ந்துவிடும். நம்ம கூச்சம் சட்டத்திலேயே எழுதி வைத்தது. தனி ஆள் லட்சியத்தால் அதை அழிக்க முடியாது. நாவல் சிலுவைராஜையும் விடாமல் கிண்டல் பண்ணுகிறது. அந்தச் சிரிப்பில் கூச்சம் செத்துப்போகிறது.

2024 நவம்பரில் ராஜ் கௌதமன் காலமானார். அஞ்சலிக் கூட்டம் மட்டும் போதாது. விடுதி அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அடுத்த தடவை ரயிலில் எவராவது கேட்டால், தெருவையும் சேர்த்தே சொல்லு தம்பி.