லொக்கில் சனத்தின்ர அடையாள அட்டை எதுக்கு?

குபர்நெட்டீஸில் பொட் அழிந்தால் அதன் லொக்கும் அதோடு போய்விடும். ஆகவே எல்லா லொக்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பதில் எங்களுக்குச் சண்டையில்லை. சண்டை வேறு. வன்னியில் கணினி படிக்கிற நாங்கள், 'பிறகு தேவைப்படும்' எண்டு பாவனையாளரின் அடையாள அட்டை இலக்கம், ஃபோன் நம்பர், முகவரி எல்லாத்தையும் அதுக்குள்ள கொட்டுகிறோம். பிழை பிடிக்க நேரம், எரர் கோட், ரிக்குவெஸ்ட் ஐடி காணாதா? புரொமீதியஸுக்கு எத்தனை பேர் வந்தார்கள் எண்டால் போதும், ஆர் எண்டு தேவையில்லை. ஆளின் பெயரை லேபிளாகப் போட்டால் ஆளுக்கொரு டைம் சீரிஸ் முளைத்து மெமரியைத் தின்னும். (அந்தக் கூத்தும் பார்த்தாச்சு.)

2009இல் மெனிக் பாமில் வரிசையில் நின்று பதிந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள். ஒரே இடத்தில் குவிந்த பெயர்ப்பட்டியல் என்ன செய்யும் எண்டு எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஃபுளுவென்ட் பிட்டில் ஃபில்டர் இருக்கு. அனுப்பமுதல் அந்த இலக்கங்களை வெட்டுங்கோ. அதைவிட, முதலிலேயே எழுதாமல் விடுங்கோ.