பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பார்த்தீங்களா?

வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு போன் பண்ணினா, வண்டியைப் பார்க்காமலே "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்"னு சொல்ற ஆளை நீங்க மெக்கானிக்னு சொல்றீங்க. நான் அவரை பேட்டரி வியாபாரின்னு சொல்லுவேன். அவர்கிட்ட இருக்கிறதை அவர் விக்கிறார், அவர் மேல கோபம் ஒண்ணும் இல்லை. நிறுத்தி வெச்ச கார்ல கரண்ட் எங்கே போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்காம ஆறாயிரம் ரூபாயை எடுத்து நீட்டுற உங்க மேலதான் கோபம்.

கிணத்து மேட்டுல மோட்டார் வெச்சு இறைக்கிறவங்களுக்கு இந்த விஷயம் தண்ணி பட்ட பாடு. ராத்திரி மோட்டாரை நிறுத்தினா பைப்புல ஏறின தண்ணி அப்படியே நிக்கணும். காலையில சுவிட்சைப் போட்டதும் எடுக்கணும். மோட்டார் சுத்தியும் தண்ணி எடுக்கலைன்னா கிணத்துக்குள்ள கிடக்கிற புட்வால்வு கசியுதுன்னு அர்த்தம். ராத்திரி பூரா சொட்டுச் சொட்டா இறங்கி, விடியறப்ப பைப் காலி. அதுக்காக யாராவது புது மோட்டார் வாங்குவாங்களா? வாங்கச் சொல்ற கடைக்காரரைப் பார்த்து ஊரே சிரிக்கும். ஆனா அதே ஊர்ல பொறந்து வளர்ந்தவங்க நகரத்துக்குப் போய்க் கார் வாங்கினதும், காருக்கு மட்டும் புது மோட்டார் கணக்கா பேட்டரி வாங்கிட்டே இருக்காங்க.

என் மச்சினனே அப்படித்தான். சென்னையில நாலாவது மாடி வீடு, கார் கீழே தரைத்தளத்துல நிக்கும். சாவியைத் திருகாம பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ற ரகம். பக்கத்துல போனாலே கண்ணாடிக்கு அடியில விளக்கு எரிஞ்சு வரவேற்கும். அந்த வண்டிக்கு 14 மாசத்துல 2 தடவை பேட்டரி மாத்தினார். சென்னையில ஒரு நாளும் பிரச்சனை இல்லை. எங்க ஊருக்கு வந்தா மட்டும் படுத்துக்கும், அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்லை. பொங்கலுக்கு வந்தப்ப மூணாம் நாள் காலையில 'டிக் டிக்'னு சத்தம் மட்டும் வந்துச்சு. சித்திரையில நாலு நாள் நின்னுச்சு, ஒரு குறையும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு வந்தப்ப மறுபடியும் அதே கதை.

அவர் வண்டி விடுற சர்வீஸ் சென்டர்ல மொத தடவை சொன்ன காரணம் வெயில். ரெண்டாவது தடவை, "கிராமத்துல நிறுத்துறீங்கள்ல சார், எலி வயரைக் கடிச்சிருக்கும்." எலி கடிக்கும், இல்லைங்கல. எங்க டிராக்டர் வயரையே கடிச்சிருக்கு. ஆனா கடிச்ச வயர் கடிச்சபடிதானே கிடக்கும்? பொங்கலுக்குக் கடிச்சு, சித்திரைக்கு ஒட்டவெச்சு, ஆடிக்கு மறுபடி கடிக்கிற எலியை நான் பார்த்ததில்லை. பழுது சில நாள் வருது, சில நாள் வரலைன்னா, அந்த நாட்களுக்குள்ள என்ன வித்தியாசம்னுதான் மொதல்ல கேட்கணும். அதை யாரும் கேட்கலை. கிராமம்னு ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு பில் போட்டுட்டாங்க.

பள்ளிக்கூடக் கணக்குதான் இது. நிறுத்தி வெச்ச காரும் முழுசாத் தூங்குறதில்லை. கடிகாரம், ரிமோட் சத்தத்துக்குக் காது குடுத்துட்டு இருக்கிற பகுதி, திருட்டு அலாரம், கம்ப்யூட்டரோட ஞாபகம்னு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சும். நல்ல நிலையில இருக்கிற காருல இதெல்லாம் சேர்த்து பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்னா 1.2 ஆம்பியர் அவர். மச்சினன் வண்டியில இருக்கிறது 45 ஆம்பியர் அவர் பேட்டரி. அது பாதி காலியாகவே 18, 19 நாள் ஆகும். அதனால ஒரு மாசம் வெளிநாடு போயிட்டு வந்து "வண்டி ஸ்டார்ட் ஆகலை"ன்னா அது பழுதே இல்லை, வெறும் கணக்கு. ஆனா மூணாம் நாளே படுத்துட்டா? ரெண்டரை நாள்ல 30 ஆம்பியர் அவர் போயிருக்குன்னு வெச்சாலும் சராசரி அரை ஆம்பியர் ஓடியிருக்கணும். இருக்க வேண்டியதைவிடப் பத்து மடங்கு. அவ்வளவு ஓடினா அதுக்கு ஒரு வழி இருக்கும். தேடினா கிடைக்கும்.

"எங்ககிட்ட மெஷின் இருக்கு சார், செக் பண்ணியாச்சு"ன்னு ஒரு துண்டுச் சீட்டைக் காட்டுவாங்க. அந்த மெஷின் பேட்டரியோட தெம்பைத்தான் அளக்கும், கசிவை அளக்காது. ரெண்டு தடவை அடிமட்டம் வரைக்கும் காலியான பேட்டரி, உள்ளே தகட்டுல சல்பேட் படிஞ்சு நெசமாவே பலவீனமாயிடும். அப்போ சீட்டுல 'பேட்டரி வீக்'னுதானே வரும்? திருடன் காலி பண்ணின வீட்டைக் காட்டி, "பாருங்க, வீட்டுல ஒண்ணுமே இல்லை"ன்னு சொல்ற மாதிரி.

கசிவையும் அளந்தோம்னு சொன்னா, எத்தனை நிமிஷம் கழிச்சு அளந்தீங்கன்னு கேளுங்க. இப்போதைய கார்களைப் பூட்டினதும் உடனே தூங்காது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒண்ணொண்ணா அடங்குறதுக்கு 20 நிமிஷம் ஆகலாம், சில வண்டியில ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நடுவுல ஒரு கதவைத் திறந்தாப் போதும், திரும்ப மொதல்ல இருந்து. சர்வீஸ் சென்டர் அவசரத்துல பத்து நிமிஷத்துல பார்த்த நம்பரை வெச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

இந்த ஆயுத பூஜை லீவுக்கு மச்சினன் வந்தப்ப, ஊர்ல மோட்டார் காயில் கட்டுற அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கார் மெக்கானிக் இல்லை, ஆனா அளக்காம எதையும் தொடமாட்டார். மொதல்ல அவர் பண்ணினது காசே ஆகாத வேலை. பேட்டரியை முழுசா சார்ஜ் ஏத்தி, மைனஸ் வயரைக் கழட்டி ராத்திரி பூரா சும்மா விட்டார். காலையில மீட்டர்ல 12.6 வோல்ட். நல்ல பேட்டரி ஆறி நிக்கும்போது அவ்வளவு காட்டணும். 12.2 அளவுக்கு இறங்கியிருந்தா பாதி சார்ஜ் போச்சு, பேட்டரியே குத்தவாளி. இறங்கலை. "மாப்ளே, பேட்டரி மேல தப்பில்லை, வண்டிதான் குடிக்குது"ன்னார். இந்த ஒரு சோதனையை 14 மாசத்துல யாரும் பண்ணலை.

அடுத்து மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதா மல்டிமீட்டர்தான், 10 ஆம்பியர் துளையில செருகிட்டார். மைனஸ் கம்பத்துல ஒரு முள், மைனஸ் வயரோட கிளாம்புல இன்னொரு முள், ரெண்டையும் கிளிப் போட்டு நிறுத்தின பிறகுதான் கிளாம்பை மெதுவாத் தூக்கினார். கரண்ட் ஒரு நொடிகூட அறுந்து போகக்கூடாது. அறுந்தா வண்டி முழிச்சுக்கும், சில சமயம் பழுதே மறைஞ்சு போயிடும். பானெட்டைத் திறந்து வெச்சுட்டு, அதோட பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால சாத்தினார், வண்டி பானெட் மூடியிருக்குன்னு நம்பணுமே. நீங்க பண்ணிப் பார்க்கிறதா இருந்தா ஒண்ணு சொல்லிடறேன்: மீட்டர் மாட்டியிருக்கும்போது கதவைத் திறக்காதீங்க, ஹெட்லைட் போடாதீங்க, ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. கிளாம்பைத் திரும்ப மாட்டின பிறகுதான் எதுவா இருந்தாலும். இல்லைன்னா மீட்டர் புகைஞ்சிடும்.

விட்டு விட்டு வர்ற பழுதுக்கு மனுஷன் முழிச்சு உட்கார்ந்திருக்க முடியாதுல்ல. பழைய போன் ஒண்ணை சார்ஜர்ல மாட்டி, மீட்டரைப் பார்த்த மாதிரி நிக்கவெச்சு, டைம்லாப்ஸ் ஓட விட்டோம். பக்கத்துல ஒரு சின்ன பல்பு. தானா அணைஞ்சு போற மீட்டரா இருந்தா இதுக்கு ஆகாது. மொத ராத்திரி படத்துல ஒண்ணுமே இல்லை. அரை மணி நேரம் கழிச்சு 0.03 ஆம்பியருக்கு இறங்கி, விடியற வரைக்கும் அசையலை. சர்வீஸ் சென்டரா இருந்தா இத்தோட 'நோ ஃபால்ட்'னு எழுதியிருப்பாங்க.

ரெண்டாம் ராத்திரி அதே மாதிரி மாட்டினோம். 0.03 வரவே இல்லை. ஒரு ஆம்பியர் தாண்டி ஏறும், கொஞ்சம் இறங்கும், அடங்குறதுக்குள்ள மறுபடி ஏறும். ராத்திரி பூரா அந்தக் கூத்துதான்.

ரெண்டு ராத்திரிக்கும் என்ன வித்தியாசம்? மொத நாள் கார் சாவி என் தங்கச்சியோட கைப்பையில, உள் ரூம் பீரோவுக்குள்ள இருந்துச்சு (மச்சினன் சம்சாரம் எனக்குத் தங்கச்சி முறை). ரெண்டாம் நாள் சாயங்காலம் மச்சினன் குழந்தைகளைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, திண்ணைச் செவுத்து ஆணியில மாட்டிட்டார். அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் கார் நிக்குது. ஆள் வந்தா விளக்குப் போட்டு வரவேற்கிற வண்டி, சாவி பக்கத்துல இருக்கிறதைப் பார்த்துப் பார்த்து முதலாளி வந்துட்டார்னு முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. சாவியை எடுத்துட்டுப் போய் மாட்டுக் கொட்டகையில வெச்சோம். அரை மணியில 0.03. திரும்ப ஆணியில மாட்டினோம், ஏறிடுச்சு. மூணு தடவை பண்ணினோம், மூணு தடவையும் அதேதான். வண்டியோட கையேட்டை எடுத்துப் பார்த்தா, சாவியை வண்டிக்குப் பக்கத்துல வைக்காதீங்கன்னு ஒரு வரி இருக்கு.

சென்னையில சாவி நாலாவது மாடியில இருக்கு, அதனால பழுது வரலை. சர்வீஸ் சென்டர்ல சாவி ஆபீஸ் போர்டுல தொங்குது, அங்கேயும் வராது. கிராமத்துல வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு செவுருதான். கிராமம் பண்ணின குத்தம் அவ்வளவுதான். எலி பாவம்.

எல்லா வண்டியிலயும் சாவிதான் காரணம்னு சொல்ல வரலை. டிக்கி மூடின பிறகும் உள்ளே விளக்கு எரியலாம்; ஒரு போனை வீடியோவுல போட்டு டிக்கிக்குள்ள வெச்சு மூடினா தெரிஞ்சிடும். 5 வாட் பல்புதானேன்னு நினைக்காதீங்க, ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் அவர் குடிக்கும். ஆல்டர்னேட்டர் டயோடு கசியலாம், ரிலே ஒட்டிக்கலாம். எந்தச் சர்க்யூட்னு பார்க்க ஃப்யூஸை ஒவ்வொண்ணாப் புடுங்குற ஆளை மட்டும் விடாதீங்க, புடுங்கிச் சொருகினா தூங்குற கம்ப்யூட்டர் எழுந்துக்கும். ஃப்யூஸ் தலையில தெரியற ரெண்டு உலோகப் புள்ளியிலயும் முள்ளை வெச்சு மில்லி வோல்ட் பார்த்தாப் போதும். கரண்ட் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும், ஓடுற ஃப்யூஸ் காட்டிக் குடுத்திடும்.

நீங்களா வாங்கி மாட்டினதையும் பாருங்க. டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், கடையில மாத்தின ஸ்டீரியோ எல்லாம் நிறுத்தின பிறகும் வேலை பார்க்கும். கம்பெனியே மாட்டினதும் யோக்கியம் இல்லை. அமெரிக்காவுல 2022-ல 3ஜி டவர்களை மூடினப்ப, சில கார்கள்ல உள்ள இணைய மாட்யூல் இல்லாத டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி பண்ணுச்சு. அங்கேயும் பல பேர் பேட்டரியைத்தான் மொதல்ல மாத்தியிருப்பாங்க.

மெக்கானிக் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. "ரெண்டு ராத்திரி வண்டியை வெச்சுத் தேடினா எனக்கு யாருங்க கூலி குடுப்பா?"ன்னு கேட்டா பதில் இல்லை. நீங்கதான் குடுக்கமாட்டீங்களே. பெட்டியைக் கண்ணால பார்த்தா ஆறாயிரம் பேரம் பேசாம வரும். தேடினதுக்கு ஆயிரம் ரூபாய்னு பில்லுல எழுதினா, "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு ஆயிரம்?"னு சண்டை. இப்படிக் கேட்கிற வாடிக்கையாளருக்குப் பெட்டி விக்கிறதுதான் கடைக்காரருக்குப் புத்திசாலித்தனம். ராத்திரி மைனஸ் வயரைக் கழட்டி வெச்சுடுங்கன்னு யோசனை சொல்றவங்களும் உண்டு. மாசக்கணக்குல நிக்கிற வண்டிக்கு அது சரி. ராத்திரிக்கு ராத்திரி கழட்டுறது, ஓட்டைக் குடத்தைக் கவிழ்த்து வெச்சுட்டு ஒழுகலைன்னு சொல்ற கதை.

பேட்டரி சாகவே சாகாதுன்னும் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு மூணு நாலு வருஷம் உழைச்சிருந்தா மாத்துங்க, நானும் மாத்துவேன். ஆனா ஒரு வருஷம்கூட ஆகாத பேட்டரியை மாத்தச் சொன்னா மூணு நம்பரைக் கேளுங்க: சார்ஜ் ஏத்தி, கழட்டி, ஒரு ராத்திரி வெச்ச பிறகு எத்தனை வோல்ட்? வண்டி முழுசாத் தூங்கின பிறகு எத்தனை மில்லி ஆம்பியர்? எத்தனை மணி நேரம் பார்த்தீங்க? மூணையும் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க.

ஆடி மாசம் 'செத்துப் போச்சு'ன்னு கழட்டின பேட்டரியை எக்ஸ்சேஞ்சுல குடுக்காதீங்கன்னு மச்சினன்கிட்ட அப்பவே சொல்லியிருந்தேன். கழிவுத் தொகை போச்சேன்னு முணுமுணுத்துட்டே டிக்கியில போட்டுக் கொண்டு வந்தார். டிராக்டர் ஷெட்டுல இருக்கிற சார்ஜர்ல ராத்திரி பூரா மெதுவா ஏத்தினேன். ஒரு நாள் ஆறவிட்டுப் பார்த்தா 12.5 வோல்ட். இப்போ சின்ன சோலார் தகடு ஒண்ணோட மாட்டுக் கொட்டகையில இருக்கு. ராத்திரி கன்னு போடுற மாட்டைப் பார்க்க ரெண்டு எல்ஈடி பல்பு அதுலதான் எரியுது.