இன்ஜினை முறுக்கும் முன் ஆக்ஸிலைப் பாருங்கள்



காலேஜ் போகும் பேரப்பிள்ளைகளும், என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்விதான். "விலை குறைந்த ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ணினால் விலை கூடினது மாதிரி ஓடுமாமே, பண்ணட்டுமா?" வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், மதர்போர்டும் மலிவானது என்றால் வேண்டாம் கண்ணு என்பதுதான் என் பதில்.

ஆசை நியாயமானதுதான். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-வை, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக்கி, 450-ல் ஓட்டினார்கள். ஒன்றரை மடங்கு வேகம்! இன்று அப்படி இல்லை. ரைசன் 3 3200ஜி 3.6 கிகாஹெர்ட்ஸ் சிப். தேவைப்பட்டால் தானாகவே 4.0 வரை போகும். நாம் பிழிந்தெடுக்க மிச்சம் கொஞ்சம்தான்.

பழைய ஃபிசிக்ஸ் கணக்குக்கு வருவோம். சிப்பின் சூடு அதிர்வெண்ணுக்கும், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். 3.6-ஐ 4.0 ஆக்கி, அதற்காக 1.2 வோல்டை 1.35 ஆக்கினால் வேகம் 11 சதவீதம் கூடும். சூடு சுமார் 40 சதவீதம் கூடும்.

அந்தச் சுமையைத் தாங்குவது மதர்போர்டு. 12 வோல்டை 1.3 வோல்டாகக் குறைத்துக் கொடுக்கும் பகுதிக்கு வி.ஆர்.எம். என்று பெயர். 65 வாட் சிப்புக்கு அது 50 ஆம்பியர் தரவேண்டும். தோட்டத்து 5 எச்.பி. மோட்டாரே ஒரு ஃபேஸில் 7, 8 ஆம்பியர்தான் இழுக்கும்! மலிவான போர்டுகள் பலவற்றில் இந்தப் பகுதிக்கு ஹீட்சிங்க்கூட கிடையாது. சேலத்து மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். கேபினெட்டுக்குள் இன்னும் அதிகம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பொது விதி.

லாரி ஓட்டும் நாமக்கல், சங்ககிரிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இன்ஜின் இழுக்கிறதே என்று லோடு ஏற்றினால், உடைவது ஸ்பிரிங் பட்டையும் ஆக்ஸிலும்தான்.

அந்தக் காசுக்கு இரண்டாவது ரேம் வாங்குங்கள். 3200ஜி-யில் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டால் தரவுப் பாதை இரட்டிப்பாகும். கேம் ஓடும் வேகத்தில் கண்ணெதிரே வித்தியாசம் தெரியும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறதா? முதலில் எஸ்.எஸ்.டி. போடுங்கள்.

கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் தடுக்கமாட்டேன். ஏ320, ஏ520 போர்டுகளில் ஓவர்கிளாக் வசதியே இல்லை. பி450, பி550-ல் உண்டு. ஹீட்சிங்க் உள்ள போர்டாகப் பாருங்கள். வோல்டேஜைத் தொடாமல் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். ஓவர்கிளாக்கால் போன சிப்புக்கு வாரண்டி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்பா கோழிப்பண்ணையிலும் லாரியிலும் பாடுபட்டு வாங்கித் தந்த கம்ப்யூட்டர், செமஸ்டர் ப்ராஜெக்ட் நேரத்தில் படுத்துவிடக்கூடாது. 11 சதவீதத்துக்காக அந்த ஆபத்து தேவையில்லை.