மோடம் நம்ம வீட்டுல, சாவி அவங்க பாக்கெட்ல

இன்னிக்கு சினிமாவும் கிடையாது, செமஸ்டர் புலம்பலும் கிடையாது. கொஞ்சம் கோவமா ஒரு விஷயம் சொல்லணும். படிச்சிட்டு "இதுக்கா இவ்ளோ சவுண்டு"ன்னு கேக்காதீங்க. நம்ம கிளாஸ்லயே பாதி பேர் வீட்டுல இதே கதைதான்.

எங்க ஊர் திருநாவலூர். உளுந்தூர்பேட்டை தாலுகா. 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், அப்புறம் கள்ளக்குறிச்சி. சுந்தரர் பிறந்த ஊர். பரவையார் கோவத்தைத் தணிக்க சிவபெருமானையே ரெண்டு தடவை தூது அனுப்பினவர் அவர். அப்பேர்ப்பட்ட ஊர்ல எங்க வீட்டு ஹால்ல இருந்து உள்ரூமுக்கு ஒரு வாட்ஸப் மெசேஜ் ஒழுங்கா போகலை.

நடந்தது இதுதான். ஒரு சாயங்கால மழையில இடி இறங்கி, வாசல்கிட்ட இருந்த மோடம் அடாப்டரோட சேர்ந்து போயிடுச்சு. இன்டர்நெட் கம்பெனியில இருந்து (பேர் வேணாம், எந்தப் பேரைப் போட்டாலும் பொருந்தும்) ஒரு அண்ணன் வந்து புதுசு மாட்டினார். பத்து நிமிஷம்தான். போன்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார், அப்பாகிட்ட கையெழுத்து வாங்கினார், கிளம்பிட்டார். அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுது. வைஃபை ஃபுல் கட்டம் காட்டும், கீழே "இன்டர்நெட் இல்லை"ன்னு எழுதியிருக்கும். அஞ்சு நிமிஷம் வரும், ரெண்டு நிமிஷம் போகும். சரியா அந்த வாரம்தான் தங்கச்சிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். 2018ல இருந்து அது ஆன்லைன்தான்னு உங்களுக்கே தெரியும். குடுக்கிற சில நாளுக்குள்ள காலேஜையும் கோர்ஸையும் வரிசைப்படுத்தி லாக் பண்ணணும். அவ முப்பதாவது காலேஜ் போடும்போது பேஜ் தொங்கும், லாகின் போயிடும், திரும்ப ஓடிபி. மொபைல் டேட்டா இல்லையான்னு கேக்கறீங்களா? எங்க வீட்டுக்குள்ள டவர் ஒரு கட்டம். மொட்டை மாடிக்குப் போனா ரெண்டு.

போன் பண்ணினா "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்". நாலு நாள்ல எத்தனை ரீஸ்டார்ட்னு கணக்கே இல்லை. அஞ்சாவது நாள் அந்த அண்ணன் திரும்ப வந்தார். ஃபைபர் ஒயரைக் கழட்டி மீட்டர்ல வெச்சார். மைனஸ் 19. "மைனஸ் 27 வரைக்கும் தாங்கும் தம்பி, உங்களுக்கு லைன் சூப்பர். உங்க வீட்டு சுவரு தடிப்பு, அதான் வைஃபை தாண்டலை. ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கிப் போடுங்க, ரெண்டாயிரம் ஆகும்."

கவனிங்க, அவர் பொய் சொல்லலை. லைன் நிஜமாவே நல்லாதான் இருந்தது. சுவரும் தடிப்புதான். ஆனா போன வாரம் வரைக்கும் இதே சுவரைத் தாண்டித்தானே வைஃபை வந்துச்சு? மாறினது மோடம் மட்டும்தானே? நான் கேட்டேன். அவர் சிரிச்சிட்டுப் போயிட்டார்.

நம்ம ஆளுங்க தப்பும் இதுல உண்டு. வைஃபையையும் இன்டர்நெட்டையும் ஒண்ணுன்னு நினைச்சிட்டோம். வாசல் வரைக்கும் வர்றது லைன். வாசல்ல இருந்து உங்க போன் வரைக்கும் காத்துல வர்றது வைஃபை. எது கெட்டுப் போச்சுன்னு பாக்காம கஸ்டமர் கேரைத் திட்டுறதும், எக்ஸ்டெண்டர் வாங்குறதும் ஒரே ரகம்தான். மோடத்தை ஸ்டீல் பீரோ மேல, பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிட்டு "சிக்னலே இல்ல"ன்னு சொல்றவங்களை நானே பாத்திருக்கேன். (எங்க சித்தப்பா வீடு. சொல்லிடாதீங்க.)

பாக்குறதுக்குப் பெரிய படிப்பு வேணாம். மோடத்துல மாட்டியிருக்கிற மத்த ஒயரையெல்லாம் உருவிட்டு, ஒரு லேன் கேபிள்ல லேப்டாப்பை மட்டும் நேரா மாட்டினேன். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 192.168.1.1க்கு ஒரு பிங், 8.8.8.8க்கு ஒரு பிங், ரெண்டையும் ஓட விட்டேன். முதல் நம்பர் நம்ம வீட்டு மோடம், ரெண்டாவது வெளியுலகம். முதல்லயே விட்டுப் போனா வீட்டுக்குள்ள கோளாறு. முதல் நல்லா இருந்து ரெண்டாவது மட்டும் விட்டா கம்பெனி பக்கம். அரை மணி நேரம் ஓடிச்சு, ஒண்ணுகூட விடலை. அப்புறம் உருவின ஒயரை ஒவ்வொண்ணா சொருகினேன். ஹால்ல இருக்கிற எங்க பழைய ரவுட்டருக்குப் போற ஒயரை சொருகின கொஞ்ச நேரத்துல முதல் நம்பரே தள்ளாட ஆரம்பிச்சுது.

விஷயம் இதுதான். செத்துப் போன மோடம் சும்மா பாலம் மாதிரி. லைனை வாங்கிக் கைமாத்தி விடும், அவ்ளோதான். வீட்டுல எல்லா போனுக்கும் அட்ரஸ் குடுக்கிற வேலை எங்க ரவுட்டரோடது. புது மோடம் தானே அட்ரஸ் குடுக்கும், தானே வைஃபையும் விடும். அண்ணன் அதை மாட்டிட்டு, எங்க ரவுட்டரையும் அப்படியே மஞ்சள் ஓட்டையில சொருகிட்டுப் போயிட்டார். இப்போ ஒரே வீட்டுல ரெண்டு பேர் அட்ரஸ் குடுக்கிறாங்க. அதைவிடக் கூத்து, ரெண்டு பேருமே "நான்தான் 192.168.1.1"னு உக்காந்திருக்காங்க. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் போட்டா போஸ்ட்மேன் என்ன பண்ணுவார்? அதேதான். லைட் எல்லாம் பச்சை, மீட்டர் மைனஸ் 19, ஆனா தங்கச்சிக்கு பேஜ் திறக்கலை.

பழைய ரவுட்டர் நாங்க காசு குடுத்து வாங்கினது. பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். உள்ளே போய் அது நம்பரை 192.168.1.2ன்னு மாத்தி, டிஹெச்சிபியை ஆஃப் பண்ணினேன். மூணு நிமிஷ வேலை. ரெண்டாயிரம் ரூபாய் எக்ஸ்டெண்டர் மிச்சம்.

அடுத்து, ரெண்டு பெட்டியும் ஒரே சேனல்ல மோதிக்காம புது மோடத்துல சேனலை மாத்தலாம்னு பாத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11, இந்த மூணுதான். மாத்த மோடத்துக்குள்ள போகணும். பாஸ்வேர்ட் கேட்டேன். "அதெல்லாம் கஸ்டமருக்குக் குடுக்கக் கூடாது தம்பி, ஆர்டர்."

என் சண்டை இங்கதான்.

அவங்க பக்க நியாயம் எனக்கும் தெரியும். யாராவது உள்ளே போய் எதையாவது மாத்திட்டா லைன் போயிடும், அப்புறம் ஒரு ஆள் பைக்ல இருபது கிலோமீட்டர் வரணும். சரி. அதுக்குத்தான் பல மோடத்துல ரெண்டு லாகின் வெச்சிருக்காங்க. லைன் செட்டிங் அவங்ககிட்டயே இருக்கட்டும். வைஃபை பேரு, பாஸ்வேர்ட், சேனல், டிஹெச்சிபி இதையாவது வீட்டுக்காரன்கிட்ட குடுக்கலாமில்ல? நடுராத்திரி நம்ம வீட்டு மோடத்தை ஆபீஸ்ல இருந்தே திறந்து மாத்த அவங்களுக்கு வசதி இருக்கு. வீட்டுல குடியிருக்கிறவனுக்கு இல்லை.

பாதுகாப்புக்காகப் பூட்டறோம்னு சொல்வாங்க. எங்க வைஃபை பாஸ்வேர்டா அவங்க வெச்சது என்ன தெரியுமா? எங்க அப்பா மொபைல் நம்பர். 2017 ஜூலையில பிஎஸ்என்எல் மோடங்களை ஒரு வைரஸ் தாக்கினது ஞாபகம் இருக்கா? ஃபேக்டரியில வெச்ச பாஸ்வேர்டை மாத்தாம விட்டதுதான் அதுக்கு வழி. அப்போ கஸ்டமர்களைத்தான் பாஸ்வேர்டை மாத்தச் சொன்னாங்க. ஆபத்து வந்தா மட்டும் மோடம் நம்மளோடதா? ஜெர்மனியில 2016 ஆகஸ்ட் 1ல இருந்து சட்டமே இருக்கு. எந்த மோடம் போடணும்னு வீட்டுக்காரன் முடிவு பண்ணலாம், அதுக்கு வேண்டிய லாகின் விவரத்தைக் கம்பெனி கேக்காமலே குடுக்கணும்.

நான் கேக்கறது அவ்ளோ பெருசில்லை. மோடம் மாட்டிட்டு ஸ்பீட் டெஸ்ட் காட்டறதோட நிறுத்தாம, வீட்டுல ஏற்கனவே என்ன ரவுட்டர் இருக்குன்னு பாருங்க. கையெழுத்து வாங்கற அதே பேப்பர்ல லாகினை எழுதிக் குடுங்க. சுந்தரரைக் கல்யாணப் பந்தல்ல வழிமறிச்ச அந்தக் கிழவர்கூட, காட்டின ஓலையை அவர் கிழிச்சுப் போட்டதும், வெண்ணெய்நல்லூர் சபையில மூல ஓலையை எடுத்து நீட்டினார். கடவுளே டாக்குமெண்ட் காட்டியிருக்கார் சாமி, இவங்களுக்கு என்ன?

தங்கச்சி விஷயம் கேப்பீங்க. நான் கோளாறைக் கண்டுபிடிச்சது கடைசி நாள் மத்தியானம்தான். அதுக்கு முன்னாடியே அவ அம்மா போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடியில, தண்ணி டேங்க் நிழல்ல உக்காந்து நாப்பத்திரெண்டு காலேஜையும் போட்டு லாக் பண்ணிட்டா. புது மோடம் பாஸ்வேர்டுக்குக் கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். ரெண்டு தடவை "தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்துடுச்சு. பாஸ்வேர்ட் மட்டும் வரலை.