பார்லிமெண்டின் பாக்கி

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வெட்டப் போகும் பெண்ணிடமும் இன்று செல்போன் இருக்கிறது. ராசிபுரத்தில் ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளியிடமும் இருக்கிறது. முன்பெல்லாம் ஒருவன் ஒரு பெண்ணைப் பற்றி இழிவாகப் பேசினால் அது தெருமுனையோடு நிற்கும்; நாலு பேர் கூடி அவனைத் தட்டிக் கேட்கவும் முடியும். இன்றோ முகம் தெரியாத ஒருவன் ஒட்டு வேலை செய்த படம் ஒன்றைப் பரப்பினால், பொழுது சாய்வதற்குள் ஊரே அதைப் பார்த்துவிடுகிறது. யாரைப் போய்க் கேட்பது?

இது கற்பனையல்ல. 2016 ஜூன் மாதம் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி, ஆபாசமாக்கி, பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பத்தார் போலீசிடம் புகார் கொடுத்தார்கள். குற்றவாளி பிடிபடுமுன் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். லஞ்சமாகச் செல்போன் வாங்கியதாகப் புகாருக்குள்ளான போலீஸ்காரர் ஒருவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். தாமதத்துக்காக மாவட்ட அதிகாரியே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. போன உயிர் திரும்பவில்லை.

சட்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆபாசப் படம் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். இணையத்தில் ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதும் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குற்றம். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறைந்தவர் புலன் விசாரிக்க முடியாது. கிராமத்து ஏழை எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு அலைவது?

இந்தச் சட்டத்தைப் பார்லிமெண்ட் எப்படிக் கையாண்டது என்று பார்ப்போம். 2008 டிசம்பர் 22 அன்று லோக் சபா இதன் திருத்த மசோதாவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. மறுநாள் ராஜ்ய சபாவும் ஒப்புதல் தந்தது. அதில் பிறந்ததுதான் 66-ஏ பிரிவு. பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால்கூட மூன்றாண்டு வரை சிறை!

அந்த வலையில் சிக்கியவர்கள் யார்? பெண்களை வசைபாடிய காலிகளா? 2012-ல் மத்திய மந்திரியின் மகனைப் பற்றி எழுதிய புதுச்சேரிச் சிறு வியாபாரி ஒருவர் கைதானார். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில், ஒரு தலைவரின் சாவுக்காக ஊரை அடைத்தது ஏன் என்று கேட்டது சம்பந்தமாக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று சுப்ரீம் கோர்ட் இப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்படியும் போலீஸ் விடவில்லை. செத்துப்போன பிரிவின் பேரில் வழக்குப் போடக் கூடாது என்று 2022 அக்டோபரில் கோர்ட் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

பாதி அறுத்த வயலை விட்டுவிட்டுக் கரையேறினால் நமக்குக் கூலி உண்டா? பார்லிமெண்ட் அதைத்தான் செய்தது. 66-ஏ வீழ்ந்த பிறகு, வசையிலிருந்து பெண்களைக் காக்கவும், அதே சமயம் விமர்சனத்துக்கு விலங்கு போடாமலும் ஒரு பிரிவை அது ஆற அமர விவாதித்து எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. 2021 பிப்ரவரியில் சர்க்கார் விதிகள் என்ற பேரில் தானே ஒன்றை வெளியிட்டது. சர்க்கார் தானே விதி போட்டுக்கொள்வதை எதிர்ப்பது நமக்குப் புதிதல்ல. 2011-ஆம் ஆண்டு இணைய விதிகளை ரத்துச் செய்யக் கோரி, 2012 மே மாதம் ராஜ்ய சபாவில் கம்யூனிஸ்டு உறுப்பினர் பி.ராஜீவ் தீர்மானம் கொண்டுவந்தார். அன்றைய ஆளுங்கட்சி அதைத் தோற்கடித்தது.

முடியாத வேலை இது ஒன்றுதானா? லோக் சபா கலைந்தால் அங்கே நிலுவையிலுள்ள மசோதாக்கள் காலாவதியாகின்றன; அரசியல் சட்டத்தின் 107-ஆவது ஷரத்து அப்படிச் சொல்கிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா 1996 செப்டம்பரில் வந்தது. தோழர் கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் கமிட்டி அதைப் பரிசீலித்து அறிக்கையும் தந்தது. சபை கலைந்தது, மசோதா செத்தது. மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார்கள். 2010 மார்ச் 9 அன்று ராஜ்ய சபா நிறைவேற்றியும், 2014-ல் லோக் சபா கலைந்தபோது அது மறுபடி செத்தது. கடைசியில் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று அதற்கு ஒரு பூட்டு! 2024 தேர்தல் அந்த ஒதுக்கீடு இல்லாமலே நடந்து முடிந்தது.

முதலாளிகளுக்கு வேண்டிய மசோதா இப்படித் தூங்கியதுண்டா? 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில், எதிர்க்கட்சிகள் சபைக்கு வெளியே இருக்க, மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இரண்டே நாளில் இரண்டு சபைகளையும் தாண்டின. 15-ஆவது லோக் சபா காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் கமிட்டிகளின் பரிசீலனைக்குப் போயின. 17-ஆவது சபையில் போனவை 16 சதவீதம்தான். வேகமும் தாமதமும் தற்செயலாக வருவதில்லை. யாருடைய வேலை என்பதைப் பார்த்தே வருகின்றன.

வசைக்கும் இந்தப் பாக்கிக்கும் தொடர்புண்டு. 2019 தேர்தல் சமயத்தில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறித்த டுவிட்டர் பதிவுகளை ஆம்னெஸ்டி அமைப்பு ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசை அல்லது இழிவான பேச்சு. மேடையேறும் பெண்ணை வசைபாடி விரட்டுகிறார்கள்; சபையில் இடம் தரும் சட்டத்தையோ பூட்டி வைக்கிறார்கள். பிறகு பெண்ணின் மானத்துக்காகச் சபையில் யார் எழுந்து பேசுவது?

நாம் கோருவது இதுதான். மிரட்டல், ஒட்டுப்படம், சாதி இழிவு, விடாத தொல்லை ஆகியவற்றைத் தெளிவாக வரையறுத்து ஒரு மசோதா வரட்டும். மந்திரியை விமர்சிப்பது குற்றமல்ல என்றும் அதில் எழுதப்படட்டும். அது கமிட்டிக்குப் போகட்டும்; மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அங்கே சாட்சி சொல்லட்டும். இழிவான படத்தை விரைந்து நீக்கும் பொறுப்பு, விளம்பரப் பணத்தை வாரிக் குவிக்கும் கம்பெனிகளின் தலையில் ஏற்றப்படட்டும். பெண்கள் ஒதுக்கீட்டுக்குப் போட்ட பூட்டு உடைக்கப்படட்டும்.

தோழர்களே! அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் சொல்கிறது. புகார் கொடுக்கப் போகும் பெண்ணைத் தனியே அனுப்பாதீர்கள். சங்கத்தார் நாலு பேர் உடன் செல்லுங்கள். இழிவான படம் உங்கள் கைக்கு வந்தால் அது அங்கேயே நிற்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், பாக்கி வேலை என்னவாயிற்று என்று கேளுங்கள். கூலி பாக்கியைக் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு இந்தப் பாக்கியையும் கேட்டு வாங்கத் தெரியும்.