சேலை கட்டிய தருமம்

நாகர்கோவில் மண்டபம் ஒன்றில் சென்ற ஆண்டு நடந்த நிதியுதவி விழாவுக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். நடத்தியவர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நல்லவர்கள், கைப்பொருள் செலவிட்டு ஊருக்கு உழைப்பவர்கள். ஏழைப் பெண்களுக்குத் தையல் எந்திரம் வழங்குவது விழாவின் நோக்கம். அதற்குப் பணம் திரட்ட அவர்கள் கண்ட வழிதான் நம்மை எழுதத் தூண்டுகிறது. மீசை மழித்த பத்துப் பன்னிரண்டு ஆடவர்கள் பட்டுச்சேலை உடுத்தி, தோவாளைப் பிச்சிப்பூச் சூடி, நெஞ்சில் துணிப்பந்து திணித்து, இடுப்பை ஒடித்து ஒடித்து மேடையில் நடந்தார்கள். அழகிப் போட்டியாம்! ஒவ்வொரு நடைக்கும் மண்டபம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே எந்திரம் பெற வேண்டிய பெண்களை அழைத்தார்கள். முதலில் வந்தவர் கணவனை இழந்த ஒரு தாய். சாயம் போன நூல்சேலையின் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்தியபடி, அதே மேடையில், அதே வழியில் நடந்து வந்தார். பின்வரிசையில் யாரோ சீழ்க்கையடித்தான்.

அவனை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? அந்த மேடையில் சேலை நடந்தால் சிரிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரமாக அவனைப் பழக்கியிருந்தார்களே!

பெண்ணைப்போல் வேடம் பூணும் ஆணை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்பது நம் இல்லங்களில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லியே கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால், "நல்ல காரியத்துக்குத்தானே, சற்றுச் சிரித்தால் என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். அப்படிக் கேட்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நாடக மேடையை எடுத்துக்காட்டுவார்கள். நம் ஒழுகினசேரி தந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து, 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். மராத்திய மேடையில் பெண் வேடத்தில் புகழ்பெற்ற பால கந்தர்வர், 1921இல் திலகர் சுயராஜ்ய நிதிக்காகவே பம்பாயில் 'மானாபமான்' நாடகத்தில் நடித்துப் பணம் திரட்டிக் கொடுத்தார். ஆண் பெண் வேடமிட்டுத் தருமம் செய்ததற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் ஒன்று கேட்கிறோம்: பால கந்தர்வரைப் பார்த்து யார் சிரித்தார்கள்? அவர் சேலை உடுத்திய பாங்கைக் குலப்பெண்கள் பார்த்துப் பின்பற்றினார்கள். அவ்வையாராக வந்த சண்முகத்தைக் கண்டு சபை சிரிக்கவில்லை, வணங்கியது. அந்த மேடையும் மார்க்கத்துக்கு உடன்பாடா என்பது வேறு வழக்கு. அதை இங்கே அவிழ்க்கவில்லை. அவர்கள் பெண்ணின் பெருமையைக் காட்ட வேடம் பூண்டார்கள், இவர்கள் பெண்ணின் உறுப்பைக் காட்டிக் காசு கேட்கிறார்கள் என்ற அளவில் நிறுத்துகிறோம்.

இன்றைய இந்த வேடிக்கைக்கு மூதாதை நம் நாடக மேடையன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நூறாண்டுகளுக்கு முன்பே தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் நிதி திரட்ட 'பெண்ணில்லாத் திருமணம்' என்றொரு கூத்து நடந்தது. மணமகள் முதல் தோழிப்பெண்கள் வரை அனைவரும் ஊர்ப் பெரியமனிதர்களாகிய ஆண்கள். அதே மேடைகளில் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைப் பரிகசிப்பதும் உண்டு. இந்த வகைச் சிரிப்பு எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே பாய்கிறது என்பதற்கு இது போதாதா?

இந்த மண்ணில் இதைச் செய்ய எப்படி மனம் வந்தது என்பதே நம் பெரிய வருத்தம். மேலாடை அணிந்ததற்காகப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்ட நாடு இது. கல்குளம், இரணியல் பகுதிகளில் 1822இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் முப்பத்தேழு ஆண்டுகள் ஓய்ந்தும் எழுந்தும் நீண்டது. இடையே 1829இல் திருவிதாங்கூர் அரசே அந்த உரிமையை மறுத்து ஆணையிட்டது. 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான பிரகடனந்தான் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது. அதிலும், உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்று ஒரு முள்ளை வைத்தே தந்தார்கள். அந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டை 2023 மார்ச்சில் இதே நாகர்கோவிலில் இரு மாநில முதலமைச்சர்கள் வந்து நினைவுகூர்ந்தார்கள். அடிபட்டு, கிழிபட்டு ஒரு முழத் துணிக்காகப் போராடிய தாய்மார்களின் ஊரில், அந்தத் துணிக்குள் பந்தைத் திணித்து ஆட்டிக் காட்டுவது நகைச்சுவையா?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். பிறவி இயல்பால் பெண்தன்மையோடு வாழும் திருநங்கையரை நாம் இங்கே குறிக்கவில்லை. இயல்பாய் அமைந்தவர்மீது குற்றமில்லை, வலிய வேடம் பூணுபவன்மீதே குற்றம் என்று ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். 2014இல் உச்சநீதிமன்றமும் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. ஆயினும் என்ன? மேடைச் 'சேலைக்காரர்' இரவு ஒன்பது மணிக்குச் சேலையைக் களைந்து காரேறி வீடு போகிறார். திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிருக்கிறது. பேருந்து நிலையத்தில் அவர் காதில் விழுவதும் அந்த மண்டபத்துச் சிரிப்புத்தான்.

நம் சமுதாயமும் இதில் தூய்மையானதன்று. மகளின் முக்காடு ஒரு விரல் நழுவினால் வீட்டை இரண்டாக்கும் தகப்பனார், தம் மகன் கல்லூரி விழாவில் கூந்தல் ஒட்டி ஆடிய படத்தைக் கைப்பேசியில் காட்டி மகிழ்கிறார். "பிள்ளை விளையாட்டு" என்கிறார். ஆடை ஒழுக்கம் மகளுக்கு மட்டுமா அருளப்பட்டது? பெண்ணாக இருந்து பார்க்க ஆசை மிகுந்த வாலிபர்களுக்கு நாம் ஒரு வழி சொல்கிறோம். ரமளானில் மூன்று மணிக்கு எழுந்து வீட்டாருக்கு ஸஹர் உணவு ஆக்கிப் போடுங்கள். பகலெல்லாம் நோன்போடு துணி துவையுங்கள். மாலையில் கஞ்சிக்கு அரிசி கழுவுங்கள். அதற்கு நுழைவுச் சீட்டு வைத்தால் நாமே முதல் வரிசைக்கு வாங்குகிறோம்.

இவ்வாண்டும் அழைப்பு வந்திருக்கிறது. தையல் எந்திரம் ஒன்றின் விலையை அனுப்பிவிட்டோம். வாங்கும் தாயின் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஒரு வரியும் எழுதினோம். நுழைவுச் சீட்டை அதே உறையில் திருப்பி வைத்தோம்.